அவரவர் சோலி

(குற்றாலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சிலவற்றை நீக்கியிருக்கிறேன். சிகிச்சை பெற்றவர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)



குற்றாலம் ரசிகமணி டி.கே.சி. குடியிருந்த ஊர். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்பவர் காதில் அது ஊறும்வரை விடாதவர் அவர். நான் தமிழ் படித்தவள் அல்லள். ஆக்குபேஷனல் தெரபி படித்தவள். ஆனாலும் என் மாணவர்களிடம் அவரைச் சொல்வதுண்டு. ஒருவர் சோற்றைப் பிசைந்து, உருட்டி, வாய்வரை கொண்டுபோவதைப் பத்து முறை பாருங்கள், பதினோராவது முறைதான் சிகிச்சையைப் பற்றிப் பேசுங்கள் என்பேன். பார்க்கத் தெரிவதுதான் எங்கள் படிப்பின் பாதி.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். எங்கள் படிப்பில் கிராமத்துக் களப்பயிற்சியை ஓரத்தில் ஒட்டிவைத்த பகுதியாக நினைக்கிறோம். என் அனுபவம் வேறு. ஒருவருடைய அன்றாடம் நடக்கிற இடத்தில் தொடங்காவிட்டால் இந்தப் படிப்பு கைக்கு வராது. முதல் வேலையும் அங்கேதான் தொடங்க வேண்டும். இதை ஐந்து பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. சொல்

இந்தத் துறைக்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. தொழில்வழிச் சிகிச்சை என்கிறோம், செயல்முறைச் சிகிச்சை என்கிறோம், மாணவர்கள் ‘ஓ.டி.’ என்று முடித்துக்கொள்கிறார்கள். ‘தொழில்’ என்று சொன்னாலே தையல், கூடை முடைதல் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றுகிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் என்னைக் கேட்டார்: “ரெண்டு வயசுப் பிள்ளைக்கு என்ன தொழில் சொல்லிக் குடுக்கப் போறீய?”

நியாயமான கேள்வி. அந்தப் பிள்ளையின் தொழில் விளையாட்டு. மண்ணை அள்ளுவது, சொப்பைக் கவிழ்ப்பது, அம்மாவின் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுப்பது. அதைச் செய்ய முடியாமல் அந்தக் கை மூடிக்கிடக்கிறது. அதைத் திறப்பதுதான் எங்கள் வேலை.

எனக்குச் சரியான சொல்லைத் தந்தவர் பக்கவாதம் வந்து தேறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். என்ன வேண்டும் தாத்தா என்று கேட்டேன். “என் சோலிய நானே பாத்துக்கிடணும்மா, அம்புட்டுதான்” என்றார். இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சோலியை விளக்க வேண்டாம். வயலுக்குப் போவது சோலி, வாய்க்காலில் குளிப்பது சோலி, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவதும் சோலிதான். சம்பளம் உண்டா இல்லையா என்று அந்தச் சொல் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் ‘ஆக்குபேஷன்’ என்று இந்தத் துறையின் முன்னோர்கள் எதைச் சொன்னார்களோ அது இதுவேதான்.

அந்த முன்னோர்கள் யார்? 1917இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஆறு பேர் கூடி இத்துறைக்கு முதல் சங்கத்தை அமைத்தார்கள். கூட்டியவர் ஜார்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர். காசநோயில் அடிபட்டு, உடலின் இடப்பக்கம் செயலிழந்து, தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்தே தன்னை மீட்டுக்கொண்டவர். மருந்தோடு நின்றுவிடாமல், செய்ய ஒரு காரியமும் வேண்டும் என்பதைத் தன் உடம்பிலேயே அறிந்தவர். இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்த நாட்டுக்காரராகவே வாழ்ந்தவர். 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அவர் தொடங்கியதுதான் நம் நாட்டின் முதல் ஆக்குபேஷனல் தெரபி பள்ளி. 1952இல் அகில இந்தியச் சங்கம் வந்தது. அதே ஆண்டு உலகக் கூட்டமைப்பு உருவானபோது நிறுவிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இவ்வளவு பழைய துறை. ஆனாலும் தென்காசிச் சந்தையில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே. சோலி என்று சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

2. இடம்

நகரத்து மருத்துவமனையில் எங்கள் பயிற்சி அறை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இடுப்பு உயர மேசை. துளைப்பலகையில் செருகும் மரக்குச்சிகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூம்புகள். தரை வழவழவென்று சமமாக இருக்கும். நான் பழகிய அறையும் அப்படித்தான்.

பயிற்சிக் காலத்தில் ஒருவருக்குத் தடித்த பிடி வைத்த கரண்டி செய்து கொடுத்தேன். வலக்கைப் பிடி பலவீனம். அறையில் அழகாகச் சாப்பிட்டுக் காட்டினார். நானும் குறிப்பில் ‘தானே உண்கிறார்’ என்று எழுதி அனுப்பினேன். சில மாதம் கழித்து அவர் ஊருக்குப் போனால் கரண்டி விளக்கு மாடத்தில் இருந்தது. வீட்டில் எல்லோரும் கையால் சாப்பிடும்போது தான் மட்டும் கரண்டியோடு உட்காரக் கூச்சம். இடக்கையால் சாப்பிடுவதோ அவர் நினைத்தே பார்க்க முடியாத ஒன்று. எல்லோரும் உண்டு முடித்தபின் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சிந்தச் சிந்த வலக்கையாலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அளந்தது கையின் பலத்தை. அவர் இழந்திருந்தது பந்தியில் ஓர் இடத்தை. அதை நான் கேட்கவே இல்லை.

அதன்பின் கரண்டியை விட்டுவிட்டுச் சோற்றின் பக்கம் போனோம். சற்றுக் குழைய வடித்த சோறு, விளிம்பு உயர்ந்த தட்டு, தட்டுக்கு அடியில் நழுவாதபடி ஈரத்துணி, முழங்கையை ஊன்ற ஒரு பலகை. ஐந்து விரலும் கூடாவிட்டாலும் மூன்று விரலில் உருண்டை நிற்கும்.

தென்காசிக்குக் கிழக்கே ஒரு கிராமம். நாற்பது கடந்த ஒரு பெண்மணி. வலப்பக்கம் வாதம் அடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மருத்துவமனையில் தந்த மரக்குச்சிகளை நான் வெளியே எடுத்ததும், “இதெல்லாம் பிள்ளைய விளையாட்டுல்லா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் அல்ல, அலுப்பு. கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். சுவரில் சாய்த்து வைத்திருந்த பீடித்தட்டு கண்ணில் பட்டது. அதைக் காட்டி, எப்படிச் சுற்றுவீர்கள் என்று கேட்டேன். அந்த முகம் மாறியதை இன்றும் மறக்கவில்லை.

கடையநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் வட்டாரத்தில் பீடி சுற்றுவதை விளக்கத் தேவையில்லை. ஆனால் நீங்கள் தினம் பார்ப்பதையே ஒரு முறை என் கண்ணால் பாருங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, தட்டை மடியில் ஏந்த வேண்டும். அதற்கு முதுகும் இடுப்பும் தாங்க வேண்டும். ஈரத்தில் பதம் வந்த இலையை எடுத்து, தகட்டளவு வைத்துக் கத்தரிக்க வேண்டும். ஒரு கை பிடிக்க, மறு கை வெட்ட, கண் இலையின் நரம்பைத் தவிர்க்க வேண்டும். தூளை இரண்டு விரலில் கிள்ளி, கூடாமல் குறையாமல் பரப்ப வேண்டும். பிறகு சுற்று. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிராக உருளும். நூலைச் சுற்றி இறுக்கி, நுனியை மடக்க வேண்டும். இவ்வளவும் பக்கத்து வீட்டாரோடு பேசிக்கொண்டே, நாள் முழுக்க. எந்த ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு கைப் பரிசோதனை இருக்கிறது?

நாங்கள் அதைப் பிரித்தோம். கத்தரிப்பதை மாமியார் எடுத்துக்கொண்டார். தூள் வைப்பது இடக்கைக்கு. இலையைத் தட்டில் அழுத்திப் பிடிப்பது வலக்கைக்கு. முதல் வாரம் அந்தக் கை வெறும் கனமாக மட்டும் உதவியது. ஆறாவது வாரம் கட்டைவிரல் உருட்டத் தொடங்கியது. முன்பு சுற்றியதில் கால் பங்குகூட ஆகவில்லை. ஆனால் பீடிக் கணக்கு அட்டையில் அவர் பெயருக்கு நேரே மறுபடியும் கணக்கு ஏறியது. வைப்புநிதிக் கணக்கு அறுந்துவிடுமோ என்பது அவருடைய பெரிய பயமாக இருந்தது. வாதத்தைவிட அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

புகையிலைத் தூளுக்கு நடுவே ஒருவரை மீண்டும் உட்காரவைப்பது சரியா என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வியை நான் இன்னும் சுமக்கிறேன். மூக்கை மறைத்துத் துணி கட்டச் சொன்னேன், காற்றோட்டமான திண்ணைக்கு இடம் மாற்றினோம், வேறு வேலைகளையும் பேசிப் பார்த்தோம். தையல் என்றேன், கோழி வளர்ப்பு என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி தட்டை இழுத்துக்கொண்டார். அவருக்கு எது நல்லது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவருடைய சோலி எது என்று முடிவுசெய்ய உரிமை இல்லை. இந்த வித்தியாசத்தைப் புத்தகத்தில் படித்திருந்தேன். திண்ணையில்தான் புரிந்தது.

3. ஆய்க்குடி

கிராமத்தில் இதெல்லாம் தனி ஆள் செய்தால் நிலைக்குமா? இதற்குப் பதில் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

1975இல் பொறியியல் மாணவரான எஸ். ராமகிருஷ்ணன் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் பெங்களூர் போனார். உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. ராணுவ மருத்துவமனையில் தன்னைத் தேற்றிய மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால், தம் சொந்த ஊரான ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் சென்னையிலிருந்து வந்து அவரோடு சேர்ந்துகொண்டார். சக்கர நாற்காலியில் இருந்த இருவர் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்காக ஒரு ஊரையே கட்டினார்கள். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

விருதைவிட எனக்கு முக்கியம் அவர்கள் வேலை செய்யும் முறை. வளாகத்துக்குள் பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி எல்லாம் உண்டு. ஆனால் வளாகத்துக்கு வர முடியாதவர்தானே அதிகம்? 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் 69 விழுக்காட்டினர் கிராமத்தில் இருக்கிறார்கள். தெரபி படித்தவர்களோ நகரத்தில். நடுவே இருக்கும் தூரத்தைக் கடக்க, கிராமத்துப் பெண்களையே சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது சங்கம். அவர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ என்ற செயலியைக் கனடாவின் ஹேண்டிகேர் இன்டர்நேஷனல் அமைப்போடு சேர்ந்து கொண்டுவந்தார்கள். வளர்ச்சி தாமதப்படும் குழந்தையின் நிலையைப் பணியாளர் வீட்டிலிருந்தே பதிவு செய்கிறார். இயன்முறை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் அதைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள்.

இதில் நான் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டுவது கருவியை அல்ல, யார் யாரிடம் கற்கிறார்கள் என்பதை. எந்த வீட்டில் மாமனார் சம்மதிக்காமல் எதுவும் நடக்காது, எந்தப் பிள்ளையை நூறு நாள் வேலை முடிந்தபின் போனால்தான் பார்க்க முடியும், எந்தத் தாய் சரி சரி என்றாலும் செய்ய மாட்டாள் என்பதெல்லாம் அந்தப் பணியாளருக்குத் தெரியும். பட்டம் வாங்கிய நமக்குத் தெரியாது. இரண்டு மூங்கிலைக் கிடையாகக் கட்டி நடைக்கம்பி செய்வதையும், வீட்டு மூலையில் அட்டைப்பெட்டியை வெட்டிச் சாய்வு இருக்கை செய்வதையும் நான் கற்றது இத்தகைய களப்பணியாளர்களிடம்தான். வெளிநாட்டு மாணவர்கள்கூட ஆய்க்குடிக்கு வந்து தங்கிக் கற்றுப் போகிறார்கள். நம் பிள்ளைகள் பேருந்தில் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம்.

4. முதல் வேலை

இனி மாணவர்களிடம் நேராகப் பேசுகிறேன். பெற்றோரும் கேட்க வேண்டும்.

நான்கு ஆண்டு வகுப்பு, ஆறு மாதப் பயிற்சி என்பதுதான் நெடுங்காலமாக இந்தப் பட்டப்படிப்பின் அமைப்பாக இருந்துவந்தது. குறைந்தது 1,000 மணி நேரம் நேரடிக் களப்பயிற்சி வேண்டும் என்கிறது உலகக் கூட்டமைப்பு. அந்த மணிகள் எங்கே கழிகின்றன? பெரும்பாலும் மருத்துவமனை அறையில். கிராமத்துக்கு இரண்டு வாரம் கூட்டிப்போய், முகாம் நடத்தி, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். ஒரு வீட்டுக்கு ஒரு முறை போனவர் விருந்தாளி. ஐந்தாம் முறை போகும்போதுதான் மாடியறையில் இருக்கும் இன்னொரு பிள்ளையைப் பற்றிச் சொல்வார்கள்.

தென்னாப்பிரிக்காவில் 2003 முதல் ஆக்குபேஷனல் தெரபி முடித்தவர்கள் ஓராண்டு அரசு சமூகப்பணி செய்தால்தான் சுயேச்சையாகத் தொழில் நடத்தலாம். சம்பளத்தோடு. அப்படிப் போன பலர் மேற்பார்வையாளரே இல்லாத சின்ன மருத்துவமனைகளில் தனியாகத் திணறியதும் உண்டு. எனவே கட்டாயம் மட்டும் போதாது என்பது என் கருத்து. அனுப்பினால் ஆதரவோடு அனுப்ப வேண்டும்.

இங்கே வாய்ப்புகள் முன்னைவிடக் கூடியிருக்கின்றன. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்கிறது. 2021இல் வந்த, மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் நம் தொழிலுக்குப் பதிவும் தகுதியும் தந்திருக்கிறது. தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் ‘விழுதுகள்’ சேவை மையங்கள் வருகின்றன. மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். அவரோடு நம்மவரும் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆனால் உண்மையை மறைக்க மாட்டேன். கிராம வேலையில் தொடக்கச் சம்பளம் குறைவு. கல்விக்கடன் கட்டும் வீட்டில் அது சின்ன விஷயம் அல்ல. வெளிநாடு போகும் பிள்ளைகளை நான் ஒருபோதும் குறை சொன்னதில்லை. என் முதல் வேலையில், பெயர் வேண்டாம், மேற்பார்வை செய்ய ஒருவரும் இல்லை. நான் செய்வது சரியா தவறா என்று சொல்ல ஆளில்லாமல் எட்டு மாதம் போனது. இரவில் பாடப்புத்தகத்தைத் திறந்து அழுதிருக்கிறேன். அந்தக் காலத்தில் என்னால் தோள் வலி கூடிப்போனவர் ஒருவர் உண்டு. அந்தக் கையை அப்படி இழுத்திருக்கக் கூடாது. அது எனக்கு மிகப் பிந்தித் தெரிந்தது.

அதனால் கிராம வேலைக்குப் போகும்போது சம்பளத்தோடு இன்னும் மூன்றைக் கேளுங்கள். வாரம் ஒருமுறை பேச மூத்த தெரபிஸ்ட் ஒருவர் உண்டா? வீடுகளுக்குப் போக வண்டியோ பேருந்துப் படியோ தருவார்களா? ஒரே குடும்பத்தை ஆறு மாதமாவது தொடர விடுவார்களா, இல்லை எண்ணிக்கைக்காக ஓட்டுவார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் போங்கள். முதல் இரண்டு ஆண்டு அங்கே இருந்துவிட்டால், பிறகு லண்டனில் வேலை செய்தாலும் நோயாளியின் வீட்டைக் கேட்காமல் சிகிச்சை எழுத மாட்டீர்கள்.

கல்லூரிகளுக்கு ஒன்று. களப்பயிற்சியைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளாதீர்கள். முதலாண்டு மாணவி உடற்கூறியல் படிக்கும்போதே ஒரு வீட்டோடு பழகட்டும். நான்கு ஆண்டும் அதே வீடு. பிள்ளை வளரும், பாட்டி தளர்வார், மாணவியும் வளர்வாள்.

5. அருவி

பீடித்தட்டு அம்மாவுக்குத் திரும்புகிறேன். ஆனி பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வீசத் தொடங்கியிருந்தது. ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். “சீசனுக்கு எல்லாரும் அருவிக்குப் போறாவ. எனக்கும் ஒருக்கா தலையில தண்ணி விழணும்.”

எந்த மருத்துவமனைப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை. தன்னைப் பேணுவது, வேலை, ஓய்வு என்று எங்கள் துறை மூன்றையும் சமமாகச் சொல்கிறது. ஓய்வுக்கு இலக்கு எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம். நான் எழுதினேன்.

பிறகு அந்தக் குளியலைப் பிரித்துப் பார்த்தோம். ஈரக்கல்லில் நிற்க வேண்டும். படி இறங்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரியது, தலையில் தண்ணீர் விழுந்ததும் கண் மூடிக்கொள்ளும். வாதத்திலிருந்து தேறுபவர் பலர் கண்ணை நம்பித்தான் நிற்கிறார்கள். கண்ணை மூடினால் உடம்பு ஆடும். ஆகவே கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் தொடங்கினோம். முதலில் உட்கார்ந்தபடி, கண்ணை மூடி, மருமகள் செம்பால் ஊற்ற. பிறகு சுவரைப் பிடித்து நின்றபடி. பிறகு செம்புக்குப் பதில் வாளி. நனைந்த சேலை கனக்கும், காலைச் சுற்றும் என்பதால் சுடிதார் போடச் சொன்னேன். வாழ்நாளில் போட்டதில்லையாம். மகள் தன்னுடையதில் ஒன்றைத் தளர்த்தித் தைத்துக் கொடுத்தாள். ஐந்து வாரம் ஆனது.

ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடியுமுன் பேரருவிக்குப் போனோம். தண்ணீர் மிதமாக விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் கூட்டம் இல்லை. மருமகள் வலப்பக்கம், நான் பின்னால். ஓரத்துக் கம்பியை இடக்கையால் பிடித்துக்கொண்டார். வலக்கை அவர் அறியாமலே உயர்ந்து, முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தது.

அன்றைய சிகிச்சைக் குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. படித்துவிட்டு அமர்கிறேன். “படி ஏழு, கைத்துணையோடு. ஈரத்தரையில் நிலை, கண் மூடி, நான்கு நிமிடம். வலக்கை தானாக முகம்வரை வந்தது. வெளியே வர மறுத்தார்.”